மேக்கணக்கு அம்மனின் கண்மலர்

மார்ச் 3, திங்கள்

காலையில் மூடுபனி. நமுனுகுல மலை இருந்த இடமே தெரியவில்லை. பிரஷர் மாத்திரை முடிந்துவிட்டது. குளியலறைக் குழாய் மறுபடி ஒழுக்கு.

கடையில் வியாபாரம் மந்தம். தங்க விலை ஏற ஏற வருகிறவர்கள் எல்லோரும் விலையைக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டுப் போகிறார்கள். பெருமூச்சுக்குக் கட்டணம் வைத்தால் பதுளையில் இன்னொரு கடை திறந்துவிடுவேன்.

கேஷில் சுபாஷினி அழுதாள். அழவில்லை என்றாள். "தூசும்மா." ஏ.சி. போட்ட நகைக்கடையில் ஏது தூசு? பின்னறைக்குக் கூட்டிப்போய், பிளேன் டீ வரவழைத்து, விஷயம் வெளியே வரும்வரை நானும் எழுந்திருக்கவில்லை. இந்த விஷயத்தில் எனக்கு வெட்கம் கிடையாது.

விஷயம் இது. சு.வுக்குச் சித்திரை கழிந்து கல்யாணம். மாப்பிள்ளை தினேஷ், ஹல்துமுல்லையில் போன் கடை. இரண்டு பேரும் விரும்பிச் செய்வது. இப்போது தினேஷின் தாய்மாமன் பெருமாள் முட்டுக்கட்டை போட்டுவிட்டார். அவர்தான் அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேக்கணக்கு, அதாவது மேல் டிவிஷன், அம்மன் கோயிலின் தலைவர். சு.வின் தாத்தா வேலுச்சாமி ஒரு காலத்தில் அதே கோயிலில் பூசாரி. கும்பாபிஷேகத்தின்போது அம்மனின் முகத்தில் பதிக்கிற தங்கக் கண்மலர் காணாமல் போனது. பூசாரிதான் எடுத்தார் என்று சொல்லித் தோட்டத்தை விட்டே அனுப்பிவிட்டார்கள். அறுபது வருஷத்துக் கதை. பெண் எந்த வீடு என்று பெருமாளுக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது.

"அம்மன் கண்ணப் புடுங்குன வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம்னு சொல்லிட்டாரும்மா" என்றாள். டீயைத் தொடவில்லை.

உண்மையை எழுதிவிடுகிறேன், இது என் டயரிதானே. பாவம் இந்தப் பிள்ளை என்று எனக்கு முதலில் தோன்றவில்லை. கண்மலர் எப்படிப் போயிருக்கும் என்றுதான் தோன்றியது. பாவம் பிறகு வந்தது, டீ ஆறிய பிறகு.

என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது சொல்வார்: "மீனாட்சி, ஆண்டவன் உனக்கு மூக்கைக் கொடுத்தது மூக்குத்தி போட இல்லை, நுழைக்கத்தான்." டாக்டர் வீட்டு வளையலை அரிசி டின்னிலிருந்து எடுத்துக் கொடுத்தது யார்? போலீசா?

மார்ச் 4, செவ்வாய்

வெயில். தெமோதரைக்குப் போனேன், சு.வின் அப்பா ராமையாவைப் பார்க்க. ஸ்டேஷனில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் தண்டவாளத்தில் நின்று போட்டோ பிடித்துக்கொண்டிருந்தன. நிமல் வண்டியை நிறுத்தும்போதே முணுமுணுத்தான். பதினெட்டு வருஷமாக என் டிரைவர். என்னைத் திட்ட அவனுக்கு உரிமை உண்டு.

"நோனா, இது போலீஸ் வேலை நே. நமக்கு எதுக்கு?"

"அறுபது வருஷமா போலீஸ் என்ன செஞ்சுச்சு?"

"அவங்களுக்கும் தெரியும், இது வேணாம்னு."

ராமையா ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மெலிந்த மனிதர், சட்டை இஸ்திரி போட்டது. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். வந்த விஷயத்தைச் சொன்னதும் முகம் இறுகிவிட்டது.

"நாங்க கேட்டோமாம்மா, கண்டுபுடிச்சுக் குடுங்கன்னு?"

கேட்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். பிறகு அவராகவே பேசினார். அப்பாவைத் தோட்டத்தை விட்டு அனுப்பியபோது அவருக்கு எட்டு வயது. போலீஸ் வந்தது, அவர்கள் இருந்த லயக் காம்பராவை, அந்த ஒற்றை அறையை, கவிழ்த்துப் பார்த்தது, ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் வேலை போனது. பூசாரியாக இருந்தவர் இந்தப் பக்கம் வந்து தேயிலையில் புல் வெட்டினார்.

"சாகுற வரைக்கும் எங்கப்பா ஒரு கோயிலுக்குள்ள போகலம்மா. இந்தா, இங்க இருக்கே முருகன் கோயிலு, தேரு வந்தாக்கூட ரோட்டுல நின்னுதான் கும்புடுவாரு. ஏன்னு கேட்டா, அந்தம்மா கூப்புடட்டும்னு சொல்லுவாரு."

அந்தம்மா என்றது அம்மனை.

"அவர் எடுக்கலேன்னு நீங்க நம்புறீங்களா?" கேட்டே விட்டேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் கோபப்படவில்லை. "எடுத்திருந்தா நாங்க ஏம்மா கஞ்சி குடிச்சோம்?"

அவரிடம் வேறு சாட்சி இல்லை. எனக்கு அப்போது அது போதுமானதாக இருந்தது. வண்டியில் வரும்போது போதவில்லை. தங்கத்தை விற்கத் தெரியாமல் ஒளித்து வைத்துச் செத்தவர்களை நகைக்கடைக்காரிக்குத் தெரியாதா?

மார்ச் 6, வியாழன்

மேக்கணக்குக்குப் போனேன். தோட்டத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. டயரிக்குக் கால் முளைக்கும்.

பெரகலச் சந்தியில் ஹனிபா நானா கடையில் நிறுத்தம். நல்ல காற்று, கடைக்கு முன்னால் தொங்கிய வாளியெல்லாம் மணி அடித்தன. நானாவுக்கு எண்பது நெருங்குகிறது, ஞாபகம் என்னை விட நன்றாக இருக்கிறது. அந்தக் கும்பாபிஷேகத்துக்கு எண்ணெய் கொடுத்ததே அவர் வாப்பாவாம்.

"டின் டின்னா போனதும்மா. அந்த முறை கனமழை. வெயிலே இல்ல. வாப்பா சொல்லுவார், இவ்வளவு எண்ணெய் ஊத்தினா சாமிக்குத் தடிமன் புடிக்கும் எண்டு." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வேலுச்சாமிப் பூசாரி நல்ல மனுசன். எங்கட கடைக்குக் கற்பூரம் வாங்க வருவார். களவெடுத்த மூஞ்சி இல்ல."

களவெடுத்த மூஞ்சி எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியாது. கடையில் மிக அழகாகச் சிரித்தவர்கள்தான் மோதிரத்தைச் சுருட்டியிருக்கிறார்கள்.

மேலே ரோடு மோசம். நிமலின் முகம் அதைவிட மோசம்.

கோயில் சின்னது. புதிதாகக் கோபுரம் எழும்புகிறது, சிமெண்டு மூட்டை, சாரம். அடுத்த மாதம் கும்பாபிஷேகம். அந்தப் பழைய கும்பாபிஷேகத்துக்குப் பிறகு இப்போதுதான்! கண் போன கோயில் என்று முதலில் பயந்து விட்டுவிட்டார்கள். அப்புறம் தோட்டம் கைமாறியது, கலவரம், அப்புறம் காசில்லை. வருஷத் திருவிழா மட்டும் நடந்துகொண்டிருந்தது. அம்மனைக் கும்பத்துக்கு மாற்றிப் பாலஸ்தாபனம் செய்து விட்டதால் மூலஸ்தானத்தில் இப்போது வெறும் கல்தான், எட்டிப் பார்க்கலாம். பார்த்தேன். கருத்த சிறிய கல் முகம். கண் இருந்த இடத்தில் யாரோ வெள்ளைப் பெயின்ட் தீட்டியிருக்கிறார்கள்.

சுவரில் பழைய கல்வெட்டு: தங்கக் கண்மலர் உபயம், பெரிய கங்காணி. பெருமாளின் அப்பா.

பெருமாள் வந்தார். வெள்ளை வேட்டி, பெரிய மீசை, இரண்டு போன். என்னைப் பார்த்ததும், "நகைக்கடை அம்மாவா, வாங்க, வாங்க." நன்கொடைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். மோர் வந்தது. காரணத்தைச் சொன்னதும் மோர் திரும்பிப் போகாத குறை.

"எங்கப்பாரு ஊர் சனத்துக்கிட்ட தங்கம் வாங்கிச் செஞ்சு போட்டதும்மா அது. ரெண்டு கண்ணும் ஒரே தகட்டுல, நடுவுல கம்பி. எண்ணெய்க்காப்பு அன்னைக்குக் காலையில இருந்துச்சு. மறுநா விடியக்காலம் இல்ல. ராத்திரி கோயிலுக்குள்ள படுத்தது பூசாரி ஒருத்தரு. வேற யாரு எடுப்பா, சொல்லுங்க?"

மோரைக் குடித்தேன்.

திரும்பும்போது ராக்காயி என்ற கிழவி வண்டியை மறித்தாள். கொழுந்தெடுத்து ஓய்ந்தவள். கண்மலருக்குத் தங்கம் கொடுத்தவர்களில் இவள் அம்மாவும் ஒருத்தி.

"எங்காத்தா மூக்குத்தியக் கழட்டிக் குடுத்துச்சு. லயத்துல எல்லாப் பொம்பளைகளும் குடுத்தாங்க, மூக்குத்தி, தோடு. அதுக்கப்புறம் எங்காத்தா சாகுற வரைக்கும் மூக்குல ஈர்க்குச்சிதான்."

எண்ணெய்க்காப்பு அன்று இவளும் வரிசையில் நின்றிருக்கிறாள். ஊர் முழுக்க மூலஸ்தானத்துக்குள் போய் அம்மனைத் தங்கள் கையால் தொட்டு எண்ணெய் சாத்தக் கிடைக்கிற ஒரே நாள் அது. அப்போது சின்னப் பிள்ளை, முகம் எட்டவில்லையாம். "கால்லதான் சாத்துனேன். பின்னாடி நெருக்குறாங்க. வெரலு பொசுக்குன்னு உள்ள போயிருச்சு, வெண்ணெயில போறாப்ல. பூசாரி அதட்டுனாரு, மருந்து இன்னும் எறுகல, அமுக்காதேன்னு."

வீட்டுக்கு வந்ததும் தலைவலி. ரசம் சோறு. மாத்திரை வாங்க மறந்துவிட்டான் நிமல். மறந்தானா, பழி வாங்கினானா?

மார்ச் 7, வெள்ளி

மழை இருட்டு, மழை இல்லை.

யார் யார் எடுத்திருக்கலாம் என்று யோசித்தேன். பூசாரி. கும்பாபிஷேகத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குருக்கள் (ஆனால் அவர் பங்களாப் பக்கம் கிளார்க்கர் வீட்டில் தங்கினாராம்). கங்காணியே (தானே போட்டு, தானே எடுத்து? எதற்கு?). கூட்டத்தில் யாரோ. கூட்டத்தில் யாரோ என்றால் தேடல் அங்கேயே முடிந்தது.

சு. கேஷில் என்னோடு பேசவில்லை. மத்தியானம் வந்து நின்றாள்.

"அப்பாக்கிட்ட ஏம்மா போனீங்க? மூணு நாளா அவரு சாப்புடல."

"உண்மை தெரிய வேணாமா?"

"உண்மை எங்களுக்கு எதிரா வந்தா? இப்ப சந்தேகந்தான். நீங்க போய்த் தோண்டி, அவருதான்னு ஆயிருச்சுன்னா?"

இந்தப் பிள்ளை கெட்டிக்காரி. இதை நான் யோசிக்கவே இல்லை. இது எனக்குப் புதிர், அவளுக்கு வாழ்க்கை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். கேட்கவில்லை, "கணக்கை முடிச்சியா?" என்று கேட்டேன்.

மார்ச் 8, சனி

தெரிந்துவிட்டது! அவசரத்தில் எழுத்து கோணலாக இருக்கிறது.

பட்டறையில் கனகு ஆசாரி ஒரு பழைய அட்டிகையில் அரக்கு நிரப்பிக்கொண்டிருந்தார். உள்ளே குழிவான நகைக்கு அரக்கு வைப்பது வழக்கம், இல்லாவிட்டால் நசுங்கிவிடும். தட்டில் அரக்கு இளகியிருந்தது. நான் குனிந்து பார்க்கும்போது என் முழங்கை பட்டு ஒரு தோட்டுத் திருகாணி தட்டில் விழுந்தது. ஆசாரி எடுக்கப் போனார், நானும் கையை நீட்டினேன், இரண்டு பேர் கையும் மோதி, திருகாணி உள்ளே. மேலே அரக்கு மூடிக்கொண்டது. அப்படி ஒன்று விழுந்த அடையாளமே இல்லை.

"இருங்கம்மா, ஆறுனதும் ஒடச்சு எடுத்துக்கலாம்" என்றார் ஆசாரி.

நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். சுகமில்லையா என்று பயந்துபோய் தண்ணீர் கொண்டு வந்தார்.

சிலையையும் பீடத்தையும் சேர்த்து ஒட்டுவது அஷ்டபந்தன மருந்து. அதில் முக்கியமானது அரக்கு. கூடவே குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் எல்லாம் போட்டு இடித்து, சூடாக இளகியிருக்கும்போது அம்மனின் பாதத்தைச் சுற்றி அடைப்பார்கள். இறுகினால் கல். ராக்காயி விரல் உள்ளே போனது அதில்தான். அந்த வருஷம் மழை, வெயிலே இல்லை, மருந்து இறுகவில்லை.

கண்மலரை முகத்தில் எதை வைத்து ஒட்டுவார்கள்? தேன்மெழுகு. தேன்மெழுகின் மேல் டின் டின்னாக எண்ணெய் ஊற்றி, நூற்றுக்கணக்கான கை தேய்த்தால்? வழுக்கிக் கீழே விழும். விழுகிற இடம் இளகிய மருந்து. அதன்மேல் ராக்காயி மாதிரி எத்தனை விரல் அமுக்கியிருக்கும்! மாலையாலும் எண்ணெயாலும் மூடிய முகத்தை அன்று மாலை யார் பார்த்தார்கள்? விடிந்து பார்த்தால் கண் இல்லை.

யாரும் திருடவில்லை. பக்தியோடு எல்லோருமாகச் சேர்ந்து புதைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு கும்பாபிஷேகமே நடக்காததால் அந்த மருந்தை யாரும் உடைத்து மாற்றவில்லை. இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

பெருமாளுக்கு போன் போட்டேன். எப்போது உடைப்பார்கள்?

"புதன்கிழமைங்க. ஸ்தபதி வர்றாரு. ஒடச்சு ஆத்துல விட்டுருவோம், அதான மொறை."

ஆற்றில்! நல்லவேளை இன்று கேட்டேன்.

மார்ச் 10, திங்கள்

சொல்லிவிட்டேன், சு.விடம். இந்தத் தடவை முதலில் அவளிடம். அப்பாவையும் வரச் சொல்லியிருந்தேன், வந்தார். பின்னறையில் மூன்று பேரும். நான் அரக்கு, மெழுகு, எண்ணெய் என்று எல்லாம் விளக்கினேன், சந்தோஷமாக. நான் மட்டும்தான் சந்தோஷமாக இருந்தேன்.

"இல்லேன்னா?" என்றார் ராமையா.

"என்ன இல்லேன்னா?"

"ஒடச்சுப் பார்த்து, உள்ள இல்லேன்னா. ஊரே நிக்கும். அப்ப எங்கப்பாதான்னு முடிவாயிரும்ல?"

ஆமாம். அதுதான் நிலைமை. பேசாமல் விட்டால் மருந்து ஆற்றோடு போகும், சந்தேகம் சந்தேகமாகவே இருக்கும், கல்யாணம் மட்டும் நிற்கும். ஊர் முன்னால் உடைத்து இல்லாவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு இனி எந்தக் கோயிலும் இல்லை. நான் "உங்கள் விருப்பம்" என்றேன். என் வாழ்க்கையில் இந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல இவ்வளவு கஷ்டப்பட்டதில்லை. உடைக்கச் சொல்லுங்கள் என்று உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

சு. அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார்.

"ஒடைங்கம்மா" என்றாள். "தாத்தாவ நாங்களே நம்பலேன்னா வேற யாரு நம்புவா?"

ஊர் முன்னால் உடைக்க வேண்டும் என்றதும் பெருமாள் சிரித்தார் போனில். "சரி வாங்க. எல்லாரும் வந்து பார்க்கட்டும். எனக்கென்ன பயம்?"

சவர்க்காரம், தேயிலை, பூனைக்குச் சாப்பாடு. மாத்திரை வாங்கியாகிவிட்டது.

மார்ச் 12, புதன்

எங்கிருந்து தொடங்குவது?

பளிச்சென்ற வெயில். காலையில் பெயர் கொடுக்கிற பெரட்டு முடிந்ததும் பாதிப் பேர் மலைக்குப் போகாமல் கோயிலுக்கு வந்துவிட்டார்கள், தோட்டத்துத் துரை கண்டுகொள்ளவில்லை. ராக்காயி முன்வரிசையில். தினேஷ் ஓரமாக, நகத்தைக் கடித்துக்கொண்டு. ஹனிபா நானாகூட ஆட்டோவில் வந்து வெளியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். ராமையா கோயிலுக்குள் வரவில்லை, ரோட்டில் நின்றார். சு. மட்டும் வந்தாள், என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தது அவளுக்கே தெரியாது.

ஸ்தபதி உளியை வைத்தார். கல் மாதிரி இருந்தது மருந்து, சிவந்து கருத்து. துண்டு துண்டாக வந்தது. ஒவ்வொரு துண்டையும் நான் வாங்கிப் புரட்டினேன். இடது பக்கம் முழுக்க முடிந்தது. ஒன்றுமில்லை. முன்பக்கம். ஒன்றுமில்லை. "கெடைக்காதுப்பா" என்று யாரோ பின்னால் சொன்னார்கள். யாரோ சிரித்தார்கள். பெருமாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு வேர்த்துவிட்டது. இந்தப் பிள்ளையை நானே கொண்டுவந்து ஊர் முன்னால் நிறுத்தினேனே.

வலது பாதத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டு கையளவு பெரிதாகப் பெயர்ந்தது. விளிம்பில் ஒரு கோடு. மெல்லிய தகட்டின் ஓரம்.

ஸ்தபதி சின்ன உளியால் தட்டித் தட்டிப் பிளந்தார். இரண்டு கண். நடுவில் கம்பி.

சத்தம் கிளம்பியது பாருங்கள்! குலவை போட்டார்கள். ராக்காயி தரையில் விழுந்து கும்பிட்டாள். சு. அழவில்லை, ஓடினாள், ரோட்டுக்கு. "அப்பா, இருக்குப்பா! இருக்கு!" அந்தக் குரலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

இங்கேயே டயரியை மூடிவிட ஆசை.

ஸ்தபதி தகட்டைத் துணியால் துடைத்தார். துடைக்கத் துடைக்கப் பச்சை. களிம்பு. சில இடத்தில் மட்டும் தோல் மாதிரி மஞ்சள் ஒட்டியிருந்தது. தங்கம் களிம்பு பிடிக்காது. மண்ணில் ஆயிரம் வருஷம் கிடந்தாலும் பிடிக்காது. இது எல்லோருக்கும் தெரியும், நகைக்கடை வைத்திருக்க வேண்டியதில்லை.

குலவை அப்படியே நின்றது.

"பித்தளை" என்றது ஒரு குரல். பிறகு இன்னொன்று: "எங்காத்தா குடுத்த மூக்குத்தி எங்க?" அது ராக்காயி. எல்லோரும் பெருமாளைப் பார்த்தார்கள். சுவரில் அவர் அப்பா பெயர். அந்த மீசைக்குப் பின்னால் முகம் சாம்பலாகிவிட்டது. "எங்கப்பாரு அப்புடி ஆளில்ல" என்றார். யாரும் கேட்கவில்லை. "சனத்தோட தங்கத்தத் தின்னுட்டுப் பூசாரிய வெரட்டுனீங்களா?" என்று ஒருவன் கத்தினான்.

தகடு அப்போது என் கையில். புரட்டினேன், பழக்க தோஷம். பின்பக்கம், கம்பிக்குக் கீழே, சிறிய சங்கு.

எங்கள் கடை முத்திரை. மாமனார் காலத்தது. அவர் கையால் அடித்தது, ஒரு பக்கம் எப்போதும் கொஞ்சம் ஆழமாக விழும். பீரோவில் இருக்கிற என் தாலிக்கொடியில் இருப்பதும் அதே சங்குதான்.

யாருக்கும் தெரியாது. அவ்வளவு சின்னது, அவ்வளவு களிம்பு. துணியைச் சுற்றி ஸ்தபதியிடம் கொடுத்திருந்தால் முடிந்தது. கங்காணி செத்து எத்தனையோ காலம். பழி அவர் தலையில் விழும், பூசாரி தலையில் விழுந்த மாதிரியே. துணியைச் சுற்றத் தொடங்கிவிட்டேன். அதை எழுதாமல் விட்டால் இந்த டயரிக்கு அர்த்தமில்லை.

பெருமாள் என்னைப் பார்த்தார். "அம்மா, நீங்களாவது சொல்லுங்கம்மா. எங்கப்பாரு தங்கத்தக் கொண்டு போயி பதுளையில கடையிலதான் குடுத்தாரு." எந்தக் கடை என்று அவருக்குத் தெரியாது. அப்பாவுக்காக ஒரு பெரிய மனிதர் கெஞ்சுவதைப் பார்க்க முடியவில்லை. போன வாரம் தெமோதரையில் இன்னொருவர் கெஞ்சாமல் உட்கார்ந்திருந்தார்.

சொன்னேன். "இது எங்க கடை முத்திரை. கங்காணி தங்கம் கொடுத்திருப்பார். பித்தளையில முலாம் பூசிக் கொடுத்தது எங்க கடை."

யாராவது திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ராக்காயி என்னை மேலும் கீழும் பார்த்தாள். கழுத்து, காது, கை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

பிறகு பெருமாள் வெளியே போனார், ரோட்டுக்கு. ராமையா முன்னால் நின்றார். "உள்ள வாங்க சம்பந்தி" என்றார். சம்பந்தி! முறை சொல்லிக் கூப்பிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். தினேஷ் நகம் கடிப்பதை நிறுத்தினான்.

"இன்னைக்கு வேண்டாங்க" என்றார் ராமையா. "எண்ணெய்க்காப்புக்கு வர்றோம். குடும்பத்தோட."

வரும்போது நிமல் பெரகலயில் கேட்காமலே நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தான்.

மார்ச் 14, வெள்ளி

தூறல். சு. இரண்டு நாளாக வரவில்லை. கேஷில் நானே உட்கார்ந்தேன், மிச்சக் காசு கொடுப்பதில் இரண்டு தப்பு.

செய்தி எனக்கு முன்னால் பதுளைக்கு வந்துவிட்டது. மெல்பேர்னிலிருந்து மகன் போன். "அம்மா, யாரும் கேக்கலயே. ஏன் சொன்னீங்க?" கேட்கவில்லை என்பதால்தான் என்றேன். அவனுக்குப் புரியவில்லை. எனக்கும் முழுசாகப் புரியவில்லை.

மாமனார் படத்துக்கு முன்னால் நின்றேன். விபூதி, புன்னகை, தங்க பிரேம். எங்கள் கடை சந்துக்குள்ளிருந்து மெயின் வீதிக்கு வந்தது அந்தக் காலத்தில்தான். எனக்கு எப்போதும் அவரைப் பிடிக்கும், மருமகள் என்று பார்க்காமல் தொழில் சொல்லிக் கொடுத்தவர். அவர்தானா, அப்போதிருந்த ஆசாரியா? கேட்க ஆளில்லை. இந்த ஒன்றை மட்டும் கண்டுபிடிக்க எனக்கு ஆர்வம் வரவில்லை. படத்தை இறக்கவும் இல்லை, மாலை மாற்றவும் இல்லை.

மார்ச் 15, சனி

வெயில். சு. வந்தாள், அப்பாவோடு. அவள் நேரே கேஷில் போய் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டாள்.

ராமையா பின்னறைக்கு வந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார். புதுக் கண்மலரைப் பூசாரி குடும்பம்தான் அம்மனுக்குச் சாத்த வேண்டும் என்று கமிட்டி முடிவாம். பெருமாளே வீட்டுக்கு வந்து கேட்டாராம்.

நான் இதற்காகத்தான் காத்திருந்தேன். "தங்கம் என்னுடையது. மூக்குத்தி கொடுத்தவர்கள் எல்லோருக்குமாக. சொக்கத் தங்கம். கனகு ஆசாரி இன்றைக்கே தொடங்குவார், நானே பக்கத்தில் உட்கார்ந்து..."

அவர் கையை உயர்த்தினார், மெதுவாக.

"தங்கம் நீங்க குடுங்கம்மா. வேண்டாம்னு சொல்லல. அது அந்தச் சனத்தோடதுதான்." நிறுத்தினார். "ஆனா செய்யுறது இங்க வேண்டாம்."

"ஏன்?"

"உங்கள நம்புறோம்மா. நீங்க சொல்லலேன்னா எங்களுக்கு யாரு இருக்கா? ஆனா உங்க கடைத் தங்கத்த நாங்க எப்புடிம்மா நம்புறது?"

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. விலை கேட்கிற மாதிரி, சாதாரணமாகக் கேட்டார். கேஷில் சு.வின் விரல்கள் நின்றுவிட்டன. தலையை நிமிர்த்தவில்லை.

மூன்று தலைமுறைக் கடை. கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாமல் வந்தது, அப்படியே போய்விட்டது. சரி என்றேன். வேறு கடையில் செய்து, பில்லை அவர் பெயருக்கே போடச் சொல்கிறேன் என்றேன். தலையசைத்தார். டீ குடித்துவிட்டுத்தான் போனார்.

திங்கட்கிழமை பண்டாரவளைக்குப் போக வேண்டும். எந்தக் கடைக்கு என்று நிமலிடம் சொல்ல இன்னும் வாய் வரவில்லை. உரைகல்லை எடுத்துக் கைப்பையில் வைத்துவிட்டேன். அவர்களும் நகைக்கடைக்காரர்கள்தானே.